இத்தாலிக் கப்பல்

"போ! இத்தாலிக்கே போய்த் தொலை! அங்க எவ உனக்குச் சமைச்சுக் கொட்டறான்னு நானும் பார்க்கறேன்!"

உல்ஃபா வீசிய செருப்பு நஜீபின் காதை உரசிக்கொண்டு போய், ஹன்னிபாலின் அட்டை யானை மேல் விழுந்தது. யானை மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த ஹன்னிபால், வாயைத் துடைத்துக்கொண்டு கை தட்டினான்.

லுத்ஃபிக்குப் புல்லரித்தது. துனிஸில் இத்தனை வருஷமாக நவீன நாடகம் போடுகிறான்; இப்படி ஒரு எலிஸா வாய்த்ததில்லை.

கார்த்தேஜ் ராணி எலிஸாவைக் காதலித்துவிட்டு, சாமி கட்டளை என்று இத்தாலிக்குக் கப்பலேறினான் இனியாஸ். அவள் தீயில் விழுந்தாள். அது பழைய கதை. லுத்ஃபியின் நாடகத்தில் தீ கிடையாது, செருப்புதான். பல நூறு வருஷம் கழித்துப் பிறக்க வேண்டிய கார்த்தேஜ் யானைப்படைத் தளபதி ஹன்னிபாலும் அவளுக்கு நியாயம் கேட்க முன்கூட்டியே வந்துவிடுவான்.

"இப்ப முதுகைக் காட்டிட்டு நடடா நஜீப். கப்பல்ல ஏறு."

கப்பல் என்பது ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி. நஜீப் அதன் பக்கத்தில் போய் நின்றான், ஏறவில்லை. தோள் குலுங்கியது.

"அட, விட்டுட்டுப் போறவன் நீ! நீ எதுக்குடா அழறே? அழ வேண்டியவ அங்க நிக்கறா!"

அழ வேண்டியவள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள்.

"வாத்தியாரே," என்றான் ஹன்னிபால் மெல்ல. "விசா வந்திருச்சாம். ரோம்ல ஏதோ நாடகக் கம்பெனியாம். காபிக் கடை பூரா இதே பேச்சு."

லுத்ஃபிக்குப் பகீரென்றது. வெள்ளிக்கிழமை அரங்கேற்றம். அதைவிட, கோடையில் இந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் என்று ஊருக்கே தெரியும்.

பாய்ந்து போய் நஜீபின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "நிஜமாடா? விசா வந்துச்சா?"

நஜீப் தலையை மட்டும் ஆட்டினான்.

"நன்றி கெட்டவனே! வேஷம் போட்டா மேடையோட நிறுத்தணும். நிஜத்துலயுமா இனியாஸ் ஆவே?" சட்டையை உதறிவிட்டு உல்ஃபா பக்கம் திரும்பினான். "நீ கலங்காதேம்மா. போனா போறான், கழுதை. நான் வேற இனியாஸைத் தேடிக்கறேன்."

உல்ஃபா நஜீபை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அவன் இங்கயேதான் இருப்பான், வாத்தியாரே. நீங்க வேற எலிஸாவைத் தேடுங்க."