எதிரில் ஓர் ஆள்

"உங்க மைக் என் வீணையைக் கொன்னுடுச்சும்மா," என்றார் வீணைக்காரர்.

ஒலிப்பதிவு செய்யும் பெண் மனசுக்குள் எண்ணிக்கொண்டாள். காலையிலிருந்து இது நாலாவது கொலை.

முதலில் மைக்கை வீணையின் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நகம் தந்தியில் படும் சத்தம்தான் வருகிறது, மரத்தின் குரலே இல்லை என்றார். தள்ளி வைத்தாள். கிணற்றுக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கிறதாம். தலைக்கு மேலே தொங்கவிட்டாள், அதுவும் ஆகவில்லை. கடைசியில் இரண்டு மைக் வைத்துக் கலந்து கொடுத்தாள்.

"ஸ்வரமெல்லாம் சரியா இருக்கு. உயிர் இல்லை," என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார். அடுத்ததும் சரியாக வராவிட்டால் இனிமேல் பதிவுக்கே வரப்போவதில்லை, வீணையை உறைக்குள் போட்டுவிடலாம் என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு நன்றாக ஆடத் தெரியும், அதுதான் சிக்கல். அவருடைய பழைய பதிவுகளைக் கேட்டு வளர்ந்தவள் அவள். உயிர் இல்லை என்பது அவளுக்கும் கேட்டது.

டீ வாங்க வெளியே வந்தாள். தாழ்வாரத்துப் பெஞ்சில் அவர் மனைவி, வீணை உறையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, மூடிய கதவுப் பக்கம் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். உள்ளே வரலாமே என்றாள் இவள்.

"வேண்டாம்மா. ஒரு தடவை பதிவு நடக்கும்போது என் வளையல் சத்தம் விழுந்துடுச்சு. அத்தனை பேர் முன்னாடி 'வெளியே போ'ன்னுட்டார். அதுலேர்ந்து வீட்டுலயும் அவர் வீணையை எடுத்தா நான் அடுத்த ரூமுக்குப் போயிடுவேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் ஜன்னலைச் சாத்துவேன் என்பது போலச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டதே இல்லையா என்று கேட்டதற்குச் சும்மா சிரித்தார்.

அந்தப் பெண்ணுக்கு உள்ளே இருந்த மனிதர்மேல் சுருக்கென்று கோபம் வந்தது. டீயை மறந்துவிட்டுத் திரும்பினாள்.

"சார், கோளாறு பிடிபட்டுடுச்சு. ரூம் எதிரொலிக்குது. உங்களுக்கு எதிர்ல யாராவது உட்கார்ந்தா, உடம்பு அதை உறிஞ்சிக்கும்."

"ரெண்டு தலையணை வைக்கிறதுதானே?"

"தலையணை ரொம்ப உறிஞ்சிடும், சார். ஆள்தான் சரி. நான் மிஷின்கிட்ட இருக்கணும். வெளியில அம்மா சும்மாதானே இருக்காங்க?"

அவர் சிறிது நேரம் அவளையே பார்த்தார். பிறகு, "பதிவுக்கு நல்லதுன்னா வரச் சொல்லு," என்றார், நாற்காலியை நகர்த்தச் சொல்வது போல.

மனைவி வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, அடிமேல் அடி வைத்து வந்து எதிரே உட்கார்ந்தார். மூச்சைக்கூட அளந்துதான் விட்டார்.

அதே இரண்டு மைக், அதே இடம். ஆனால் இப்போது மரம் பேசியது. நகச் சத்தமும் கூடவே இருந்தது, காதை உறுத்தவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் மிஷின்முன் இருந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மனைவியோ தலையாட்டக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் உறையை எடுத்துவர மனைவி வெளியே போனார்.

"பாத்தீங்களா சார், எதிரொலி போயே போச்சு," என்றாள் ஒலிப்பதிவுக்காரி.

வீணைக்காரர் தந்திகளைத் துடைத்துக்கொண்டே கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாலு சுவத்துலயும் பஞ்சு அடிச்ச ரூம்ல எதிரொலி எங்கேம்மா வரும்? நீ பொய் சொல்றேன்னு அப்பவே தெரியும். 'உள்ளே வந்து உட்காரு'ன்னு அவளைக் கூப்பிட, இத்தனை வருஷமா எனக்கு ஒரு சாக்கு கிடைக்கலை."