முகட்டுக்கு அந்தப் பக்கம்

அவள் கணவன் கூரை முகட்டைத் தாண்டிவிட்டான். இனி ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பிடித்தபடியே நின்றாள்.

சுரண்டும் சத்தம் மட்டும் வந்தது.

வீடு ஒன்றுதான். மாமனார் நடுவில் சுவர் எழுப்பி மகன்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுத்தார். ஓட்டுக்கூரையைப் பிரிக்க முடியவில்லை. வடக்குச் சரிவு இவர்களுக்கு. தெற்குச் சரிவு அவள் கணவனின் தம்பிக்கு. தம்பி மஸ்கட்டில். அவன் மனைவி ஷைனி இங்கே.

வெயில் குறைவாகப் படும் பக்கத்தில்தான் பாசி அடர்த்தியாகப் பிடிக்கும். வடக்குச் சரிவு முழுக்கக் கரும்பச்சையாக இருந்தது. போன சனிக்கிழமை அதை மண்வெட்டியால் சுரண்டித் தள்ளினான். ஓடுகள் உடைந்தன. மத்தியானத்துக்குள் இறங்கிவிட்டான்.

தெற்குச் சரிவில் அங்கங்கே திட்டுகள்தான்.

அதற்குத் தேங்காய்த் தும்பு பிரஷ். ஒவ்வோர் ஓடாக. காலையில் ஏறியவன் இன்னும் இறங்கவில்லை.

"பாத்து நில்லுங்க அத்தான். வழுக்கும்."

ஷைனியின் குரல்.

தம்பி மனைவி கூப்பிடும் முறை அதுதான். இவளும் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறாள். ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அவன் ஏதோ சொன்னான். ஷைனி சிரித்தாள்.

என்ன சொன்னான் என்று இவள் காதில் விழவில்லை.

ஏணியில் ஒட்டியிருந்த பாசியை நகத்தால் பெயர்த்தாள். வேர் இல்லாதது. ஈரம் கிடைத்த இடத்தில் பிடித்துக்கொள்ளும்.

போன சனிக்கிழமை, சுரண்டி முடித்ததும், பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினான். தண்ணீர் சரிவில் இறங்கி அவளுடைய கறிவேப்பிலைச் செடியில் கொட்டியது. கல்யாணமாகி வந்த வருடம் வைத்தது.

இலைகள் வெளுத்தன. பிறகு உதிர்ந்தன.

அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். மழை பெய்தால் தளிர்க்கும் என்றான். போனிலிருந்து கண் எடுக்காமல்.

இப்போது முகட்டின் மேல் அவன் தலை தெரிந்தது. கையில் வாளி.

"பவுடர் தண்ணி ஊத்தப் போறேன். கீழ அவ ரோஜா நிக்குது. உன் பழைய சேலை எதையாவது கொண்டு போய் மூடு. நல்லா மூடணும், கேட்டியா."

ஷைனி எங்கே என்று கேட்டாள். அவனுக்கு டீ போடப் போயிருக்கிறாளாம்.

தலை மறைந்தது.

கொடியில் கிடந்த சேலையை உருவினாள். உதறினாள். இரண்டாக மடித்தாள்.

கறிவேப்பிலைக் குச்சிகளின் மேல் விரித்தாள். காற்றில் தூக்காதபடி ஓரமெல்லாம் உடைந்த ஓடுகளை வைத்தாள். ஒரு குச்சிகூட வெளியே தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது.

"மூடியாச்சா?"

கூரையின் பின்னாலிருந்து அவன் குரல்.

சேலையின் சுருக்கத்தை ஒருமுறை நீவிவிட்டாள்.

"மூடியாச்சு அத்தான்."

திரும்பி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம், ஓடுகளின் மேல் தண்ணீர் இறங்கத் தொடங்கியது.