தொப்பிச் சின்னம்

"இன்னைக்குச் சேர வந்ததுல பாதிப் பேருக்கு மீசையே மொளைக்கல" என்று சிரித்தபடி உள்ளே வந்தான் ஈனாக். முதல் உலகப் போர் தொடங்கியதிலிருந்து இங்கிலாந்தின் பர்ன்லி நகரில் ராணுவத்துக்கு ஆள் பிடிக்கும் சார்ஜென்ட் அவன்.

அவன் மனைவி ஹெஸ்டர் சிரிக்கவில்லை. கையிலிருந்ததை மேஜைமேல் விட்டெறிந்தாள். அவனுடைய படைப்பிரிவின் பித்தளைச் சின்னம். தொப்பியின் கீறலில் செருகும் பின்தகட்டை வெட்டிவிட்டு, சிப்பாய்கள் காதலிக்குக் கொடுப்பதுபோல், சட்டையில் குத்திக்கொள்ள ஊசி பற்றவைத்திருந்தது.

"மில்லுல என்கூட வேலை செய்யற பொண்ணு நெல்லி இத நெஞ்சுல குத்திக்கிட்டுத் திரியறா. பிடுங்கிக்கிட்டு வந்தேன். யாரு குடுத்தான்னு கேட்டா, 'உங்க வீட்டு ஆளத்தான் கேக்கணும்'னு தலையக் குனிஞ்சுக்கறா. உன் மக வயசு அவளுக்கு. வெக்கமா இல்ல உனக்கு?"

"பைத்தியமா பிடிச்சிருக்கு? ஊர்ல பாதிப் பேர் தொப்பியில இதே சின்னந்தான்."

"அந்தப் பாதிப் பேரும் என் வீட்லயா இருக்காங்க?"

ஈனாக் ஆத்திரத்தோடு தன் தொப்பியைக் கழற்றி, சின்னத்தை உருவி அவள் முன்னால் வைத்தான். பின்தகடு வெட்டுப்படாமல் முழுசாக இருந்தது.

"பாத்துக்க. என்னோடது இங்க இருக்கு."

ஹெஸ்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த வீட்டில் ஆண்பிள்ளை என்று இன்னும் ஒருவன்தான் உண்டு. மாமாவின் பண்ணைக்கு வேலைக்குப் போகிறேன் என்று போன மாதம் கிளம்பிய பதினாறு வயது மகன் கிளெம்.

ஈனாக்கின் முகம் வெளுத்தது.

"எனக்குத் தெரியாம பக்கத்து ஊருக்குப் போய்ப் பட்டாளத்துல சேர்ந்திருக்கான். எவன் அவனச் சேர்த்தது? வயசு என்னன்னு கேக்கவே இல்லியா அந்தப் படுபாவி?"

"நீ யார்கிட்டயாவது கேட்டியா?" என்றாள் ஹெஸ்டர்.