வெந்நீரில் போன விதை

சுப்பராயலு குளிக்க வெந்நீர் போட்டதுதான் வினையாகிவிட்டது. கைக்குக் கிடைத்த வறட்டியை அடுப்பில் வைத்துவிட்டார். எரிந்து முடிந்த பிறகுதான், அது மனைவி ரத்தினம்மாள் நாட்டுத் தக்காளி விதையை ஒட்டிக் காயவைத்திருந்த வறட்டி என்பது நினைவுக்கு வந்தது. அந்தத் தக்காளி போடாத ரசத்தை அவள் ரசம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டாள். தெரிந்தால் வீடு ரெண்டாகிவிடும். "உரம் வாங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பண்ருட்டிக்குப் பஸ் ஏறினார்.

கடை கடையாகக் கேட்டார். எல்லோரும் ஹைபிரிட் பாக்கெட்டைத்தான் நீட்டினார்கள். கடைசியில் ஒருவர், "மார்க்கெட்ல மலிகான்னு ஒரு அம்மா நாட்டு வெதை விக்கிறாங்க, கேட்டுப் பாருங்க" என்றார்.

"வரி வரியா, சப்பட்டையா, புளிப்பு ஜாஸ்தியா இருக்குமே, அந்தத் தக்காளி வெதை இருக்காம்மா?"

மலிகா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். சுப்பராயலுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எவ்வளவும்மா?"

"காசு வேணாம் மாமா. போன வருஷம் ரத்தினம்மா அக்கா எனக்குக் குடுத்த வெதையில வந்ததுதான் இது. காலையிலயே போன் பண்ணிட்டாங்க. வறட்டியக் காணோம்னதுமே அவுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சாம். 'உரம் வாங்கப் போறேன்னு கெளம்பிருக்காரு, சுத்திட்டு உங்கிட்டதான் வந்து நிப்பாரு, குடுத்தனுப்பு'ன்னாங்க."

சுப்பராயலு அசடு வழியச் சிரித்தார். "வேற என்னா சொன்னா?"

"இனிமே வெதைய உங்க வெத்திலப் பொட்டியிலதான் வெப்பாங்களாம். அத மட்டும் நீங்க அடுப்புல போட மாட்டீங்களாம்!"