கேட்டுக்கு உள்ளே மட்டும் அசையும் கைகள்

நாச்சிமுத்துவின் இரண்டு கைகளையும் பிரஸ் மெஷின் நசுக்கிய பிறகு, கம்பெனி சட்டப்படி புதுக் கைகள் மாட்டிவிட்டது. நல்ல சரக்குதான். ஆனால் வேலை நேரத்தில், கம்பெனி கேட்டுக்கு உள்ளே மட்டும் அசையும். வெளியே வந்தால் இரண்டும் செத்துத் தொங்கும். சட்டம் கேட்டதற்கு மேல் ஒரு விரலைக்கூட அசைக்கக் கம்பெனிக்கு மனசில்லை. வீட்டில் மனைவிதான் சோறு ஊட்டினாள்.

தங்கை மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன்தான் குழந்தையை மடியில் பிடித்துக்கொள்ள வேண்டும். தங்கை கோகிலா மேனேஜரிடம் போனாள்.

"ஒரு மணி நேரம் அந்தக் கைக்கு உசுரு குடுங்க சார்."

"வேலைக்குத்தாம்மா கை குடுத்தோம். சொந்த விசேஷத்துக்கெல்லாம் நாங்க பொறுப்பில்ல."

"உங்க மெஷினு தின்னது சொந்தக் கையத்தானுங்களே?"

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டார்.

காதுகுத்தன்று காலை ஷிப்டில், கோகிலா சொந்தபந்தம் அத்தனையோடும் வாட்ச்மேனைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். நாச்சிமுத்து மெஷினை நிறுத்தினான். தரையில் சம்மணமிட்டு, குழந்தையை வாங்கி மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஆசாரி ஊசியை எடுத்தார்.

மேனேஜர் ஓடிவந்தார். "யோவ், இது வேலை நேரம்யா!"

"தெரியுமுங்க. அதனாலதான் எங்கண்ணன் கை அசையுது," என்றாள் கோகிலா. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஆசாரிக்கு வெளிச்சத்த மறைக்கறீங்க."