நகத்து மை

அண்டை நாட்டுக்குப் போகும் ஆற்றுப் பாலத்தை மூடிவிடலாமா என்று நாடு முழுவதும் வாக்கெடுத்தனர். மூடச் சொன்னவர்களே சற்று மிகுந்தனர். அக்கரையில் மகளைக் கட்டிக்கொடுத்திருந்த வேதாசலமும், சம்பந்தியின் மேலிருந்த கோபத்தில், மூடச் சொல்லியே வாக்களித்திருந்தார். மனைவி குமுதவல்லிக்கு அது தெரியாது. மறுவாக்கெடுப்புக் கோரும் மனுவை அவள் அவரிடம் நீட்டினாள்.

"மாசம் ஒரு நாள் திறக்கறதா சமரசம் பேசறாங்களே, அது போதாதா?" என்றார்.

"பெத்த பொண்ணைப் பார்க்க நாள் குறிச்சுக் குடுப்பாங்களாமா? இன்னொரு தடவை வச்சா ஜெயிச்சிடலாங்க. நம்ம ரெண்டு ஓட்டு இருக்குல்ல!"

அவர் கையெழுத்திட்டார். காகிதத்தை அழுத்திப் பிடித்த இடக்கை விரலில், பாதி நகம் வளர்ந்த பின்னும் மை கறுத்திருந்தது. குமுதவல்லி தன் விரலை அதனருகே வைத்து, "ரெண்டும் ஒண்ணுபோலவே இருக்கு, பாருங்க" என்று சிரித்தாள்.

வேதாசலம் விரலை மடக்கிக்கொண்டார்.