ஒரு லிட்டர் ஒரிஜினல்

"ஆயில் உனக்கு, காலி டப்பா எனக்கு. சம்மதம்னா எடுத்துத் தரேன். இல்லன்னா நடையைக் கட்டு" என்றார் மைதீன் பாய்.

கிருபாகரனுக்கு ஜிவ்வென்று ஏறியது. பைக்குக்கு ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில் வாங்கக் காலையில் கிளம்பினவன். இது நாலாவது கடை.

திருவிடந்தை கடையில் டப்பாவின் சீலை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். கடைக்காரர் வெடுக்கென்று பிடுங்கி உள்ளே வைத்துவிட்டார். மாமல்லபுரத்தில் டப்பாவைக் காதோரம் வைத்துக் குலுக்கினான். "இன்னா, இளநீரா வாங்குற?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அடுத்த கடையில் பத்து-முப்பது கிரேடு கேட்டால் இருபது-நாப்பதை நீட்டினாள் ஓர் அம்மா.

"எல்லாம் ஆயில்தான். வண்டிக்கு இன்னா தெரியவா போவுது?"

"உன் வூட்டுக்காரருக்கு மாத்திரையும் இப்பிடித்தான் குடுப்பியா?" என்று கேட்டுவிட்டு, அந்தம்மா துடைப்பத்தைத் தேடுவதற்குள் வண்டியைக் கிளப்பினான். அது கொண்டுவந்து விட்ட இடம்தான் புதுப்பட்டினம், மைதீன் பாய் கடை.

அவன் பதறுவதிலும் நியாயம் இருக்கிறது. போன மாசம் எவனோ ஒரு புண்ணியவான் டூப்ளிகேட் ஆயிலைத் தலையில் கட்டிவிட, ஈசிஆர் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போதே இன்ஜின் இறுகிப்போனது. வீடு வீடாகப் போய் ஏசி ரிப்பேர் செய்கிறவன் அவன். பன்னிரண்டு நாள் டூல்ஸ் பையோடு பஸ் படிக்கட்டில் தொங்கினான். பாதி வாடிக்கை கைவிட்டுப் போனது. பெண்டாட்டி வசந்தாவின் வளையலை விற்றுத்தான் இன்ஜினுக்கு உயிர் வந்தது. இன்னொரு தடவை செத்தால் விற்க வளையலும் இல்லை, பிழைக்கத் தொழிலும் இல்லை.

"காலி டப்பா உனக்கு எதுக்கு பாய்?"

"எதுக்கோ. ஆயிலை இங்கயே ஊத்திக்கணும். தோ, ராஜாராம் ஊத்துவான்."

வாசலில் ஸ்பானரால் முதுகு சொறிந்துகொண்டிருந்த மெக்கானிக் ராஜாராம், ஆமாம் என்று கையைத் தூக்கினான்.

"டப்பாவை நான் வூட்டுக்கு எடுத்துகினு போவேன்."

"அப்ப ஆயில் கிடையாது."

கிருபாகரனுக்குப் பொறி தட்டியது. ஓகோ, இதுதான் சங்கதியா!

ஞாயிற்றுக்கிழமை. மீன் வாங்கிக்கொண்டு திரும்புகிற கூட்டம். அவன் நடுத்தெருவுக்கே வந்து நின்றான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! ஆயிலை நமக்கு வித்துட்டு டப்பாவை இவரு வச்சிக்கிறாராம். எதுக்குன்றேன்? அழுக்கு ஆயிலை வடிகட்டி, அதே டப்பாவுல ஊத்தி, மூடியை ஒட்டி, நாளைக்கு உங்க தலையில கட்டத்தான்! இந்த மாதிரி ஆளுங்களாலதான் என் இன்ஜின் பூட்டுச்சு. எத்தினி பேரு பொழப்பு நாறுதுன்னு தெரியுமாய்யா உனக்கு?"

"கேக்குறது நியாயம்தானே? காலி டப்பா இன்னாத்துக்கு பாய்?" என்றார் வஞ்சிரம் வாங்கி வந்த ஒருவர். பத்துப் பதினைந்து பேர் நின்றுவிட்டார்கள். ஒருவன் செல்போனில் வீடியோவே எடுக்க ஆரம்பித்துவிட்டான்.

மைதீன் பாய்க்கு முகமெல்லாம் வியர்த்தது. இருபது வருஷமாகச் சேர்த்த பேர். வீடியோ ஊருக்குள் ஒரு சுற்று வந்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஆனாலும் மனுஷன் அலமாரிப் பக்கம் திரும்பினார். ஒரு டப்பாவை எடுத்துக் கிருபாகரன் கையில் கொடுத்தார்.

"மொதல்ல பாரு. அப்புறம் பேசு."

கிருபாகரன் சீலைச் சுரண்டினான். குலுக்கினான். டப்பாவில் இருந்த நம்பரைக் கம்பெனிக்கு மெசேஜ் அனுப்பி, பதில் வரும்வரை காத்திருந்தான். ஒரிஜினல்தான். சந்தேகமே இல்லை. நாலு கடை ஏறி இறங்கினவனுக்கு இதை விட்டுப்போக மனசு வருமா?

"சரி, ஊத்து" என்றான் அரை மனதாக.

ராஜாராம் பழைய ஆயிலை இறக்கி, புதுசைக் கடைசிச் சொட்டு வரை ஊற்றினான். ஸ்டார்ட் செய்ததும் வண்டி சத்தமே மாறிப்போனது. கிருபாகரன் டப்பாவுக்குக் கையை நீட்டினான்.

பாய் முந்திக்கொண்டார். டப்பாவைக் கவிழ்த்து வைத்து, ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, சுத்தியால் போட்டார் ஒரு போடு. அப்புறம் இன்னொன்று. அடியில் இரண்டு ஓட்டை. லேபிளைக் கத்தியால் கிழித்தார். மூடியையும் இரண்டாக வெட்டினார். கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு கோணி மூட்டையை இழுத்து வந்து தெருவில் கொட்டினார். அத்தனையும் ஓட்டை டப்பா.

"என் கடை டப்பாவுல எவனும் மறுபடி ஆயில் ஊத்தி விக்கக் கூடாது. அதுக்குத்தான் வாங்கி வச்சிக்கிறேன். போதுமா?"

 வீடியோ எடுத்தவன் செல்போனை மெதுவாகப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். "தப்பா நெனச்சிட்டோம் பாய், மன்னிச்சிக்க" என்றார் வஞ்சிரக்காரர். எல்லோரும் கிருபாகரனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பான் என்று நின்றார்கள்.

கிருபாகரன் தலையில் கை வைத்தான்.

"அடப்பாவி மனுஷா, ஓட்டை போட்டுட்டியே! மூடி, லேபிள் எல்லாம் சேதாரம் இல்லாம குடுத்தா, பழைய சாமான் வாங்குறவன் டப்பாவுக்கு நாப்பது ரூபா குடுப்பான்யா! ஒவ்வொரு தபாவும் அவனாண்டதான் போட்டுகினு கீறேன்!"

ராஜாராம் முதுகு சொறிவதை நிறுத்தினான்.

"காலி பிளாஸ்டிக்குக்கு நாப்பது ரூபாயா? அதை வாங்கி அவன் இன்னா பண்றான்?"

"அவன் இன்னா பண்ணா எனக்கின்னாய்யா?" என்றான் கிருபாகரன்.